எட்டு விநாடிக் கொழுக்கட்டை: ஒரு தொலைக்காட்சிக்குத் திறந்த மடல்

நிகழ்ச்சிப் பொறுப்பாசிரியர் அவர்களுக்கு,

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் இரவு ஒன்பதரை மணிக்கு உங்கள் தொலைக்காட்சியில் நாலு நிமிடத்துக்கு ஒரு துண்டு ஓடியது. ‘சுடுகாட்டில் கொள்ளை! சோற்றுக்கு அடிதடி!’ என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு. பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் நாங்கள் நடத்திய மயானக் கொள்ளைதான் அது; இடுகாட்டில் அங்காளம்மனுக்குப் படைத்து, பண்டங்களை வாரி வீசுகிற திருவிழா. பம்பை மேளச் சத்தத்தை எடுத்துவிட்டு, காமெடிக் காட்சிக்குப் போடுகிற ‘டொய்ங்’ சத்தத்தைச் சேர்த்திருந்தீர்கள். இரண்டாவது நிமிடத்தில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் முந்தானையை விரித்து ஒரு கொழுக்கட்டையை ஏந்துகிறாள். அதை மெதுவாக்கி, முகத்தைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டு, மூன்று தடவை திருப்பித் திருப்பிக் காட்டினீர்கள். “ஒரு கொழுக்கட்டைக்கு இவ்வளவு போட்டியா?” என்று ஒரு குரல். அப்புறம் சிரிப்பொலி. எல்லாம் சேர்த்து எட்டு விநாடி. என் மகன் போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து எண்ணிச் சொன்னான்.

அந்தப் பெண் என் தம்பி மனைவி.

கல்யாணமாகி ஒன்பது வருடம். இன்னும் குழந்தை இல்லை. கொள்ளையில் மண்ணில் விழாமல் மடியில் விழுந்த பண்டத்தைத் தின்றால் மடி நிறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நானே பாதி நம்பிக்கைக்காரிதான். ஆனால் அவள் எதற்காக முந்தானையை ஏந்தி நிற்கிறாள் என்று பக்கத்தில் நின்ற எந்தக் கிழவியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

அவளுக்குப் பீன்யாவில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. மறுநாள் காலை பக்கத்து மிஷின்காரி போனை நீட்டி, “இது நீதானே?” என்றாளாம். மத்தியானம் சாப்பிடுகிற இடத்தில் யாரோ இட்லியைப் பிட்டுத் தூக்கிப் போட்டு, “பிடி, பிடி” என்றார்களாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்று நாள் கூலி போயிற்று. அந்தப் பச்சைப் புடவையை மடித்து என் வீட்டு பீரோவில் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

உங்கள் அலுவலகத்துக்கு நான்கு தடவை போன் செய்தேன். நான்காவது தடவை பேசியவர், “இது ஜாலியான நிகழ்ச்சிம்மா, சீரியஸா எடுத்துக்காதீங்க” என்றார். அதனால்தான் இந்த மடல், எல்லோரும் படிக்கிற மாதிரி.

“ஒரு பக்கம் பசி, மறுபக்கம் சோற்றை மண்ணில் கொட்டும் கூட்டம்” என்று உங்கள் தொகுப்பாளர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு முடித்தார். நான் ஸ்ரீராமபுரத்தில் இருபத்திரண்டு வருடமாக மெஸ் நடத்துகிறேன். மத்தியானத்தில் மட்டும் நூற்றுப் பத்துப் பேர் சாப்பிடுகிறார்கள். கல்யாண ஆர்டரும் எடுக்கிறேன். சோறு வீணாவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கடித்தும் பார்க்காமல் இலையோடு மடித்துப் போகிற ஜாங்கிரி, “கூட்டம் வரும், நிறையப் போடுங்க” என்று போடச்சொல்லி இரவு பன்னிரண்டு மணிக்கு டிரம் டிரம்மாகக் கொட்டுகிற புலாவ். அந்த நேரத்துக்கு எந்தக் கேமராவும் மண்டபத்தின் பின்வாசலுக்கு வந்து நான் பார்த்ததில்லை. உங்கள் ஆண்டு விழாவில் தொகுப்பாளர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் கேக்கை அப்பிக்கொண்டதையும் பார்த்தேன். அதற்கு ‘டொய்ங்’ இல்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். என் மாமனார் செஞ்சிப் பக்கத்திலிருந்து இங்கே பெங்களூரு பின்னி மில்லுக்கு வேலைக்கு வந்தவர். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மேல்மலையனூர் அங்காளம்மன்தான் எல்லாம். விழுப்புரம் மாவட்டம். மாசியில் பதின்மூன்று நாள் திருவிழா. சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை, ஐந்தாம் நாள் தீமிதி, ஏழாம் நாள் தேர். வருடா வருடம் அத்தனை பேரும் ஊருக்குப் போய்வர முடியுமா? அதனால் அங்கிருந்து பிழைக்க வந்தவர்கள் போன இடத்திலெல்லாம் அம்மனை வைத்துக்கொண்டார்கள். பெங்களூரிலும் அப்படித்தான்.

பம்பைக்காரர் வர்ணிப்பில் பாடுகிற கதை இது. பிரம்மாவுக்கு அப்போது ஐந்து தலை. சிவன் அதில் ஒன்றைக் கிள்ளிவிட்டார். கிள்ளிய தலை கபாலமாகி அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. பிச்சையாக விழுகிற சோற்றையெல்லாம் கபாலமே தின்றது, சிவன் பட்டினி. மலையனூருக்கு வந்தபோது அம்மன் சமைத்து மூன்று கவளம் உருட்டினாள். முதல் இரண்டைக் கபாலத்தில் போட்டாள். மூன்றாவதை மயானத்தில் வாரி இறைத்தாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டு இறங்கிப் பொறுக்க வந்தது. அம்மன் விசுவரூபம் எடுத்து அதைக் காலால் மிதித்துவிட்டாள். சிவன் பசி தீர்ந்தது. சோறாக்குகிறவள் என்பதாலோ என்னவோ, ஒவ்வொரு வருடமும் அந்த மூன்றாவது கவளம் வரும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். தீராத பசிக்காரன் எதிரே நிற்கும்போது அவள் சோற்றைப் பூட்டி வைக்கவில்லை பாருங்கள்.

‘கொள்ளை’ என்ற சொல்லைத்தான் உங்கள் குரல் ரொம்பக் கிண்டல் செய்தது. கொள்ளை விடுவது என்றாலும் சூறை விடுவது என்றாலும் எங்களுக்கு ஒன்றுதான். அதை அன்னதானத்தோடு ஒப்பிட்டு நானே பல தடவை யோசித்திருக்கிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் சமைப்பவள் நான். அன்னதானத்தில் வரிசை உண்டு, டோக்கன் உண்டு, உபயம் இன்னார் என்று பிளக்ஸ் உண்டு. போடுகிறவருக்கு வாங்குகிறவர் முகம் தெரியும். வாங்குகிறவர் கொஞ்சம் தலையைக் குனிந்துகொள்வார். சூறையில் அது கிடையாது. முறத்திலிருந்து வாரி வீசும்போது யார் மடியில் விழும் என்று வீசுகிறவருக்குத் தெரியாது. காரில் வந்தவரும் குனிந்துதான் எடுக்க வேண்டும். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார். கொடுத்தவன் பெரியவன், வாங்கியவன் சிறியவன் என்ற பேச்சு அங்கே எழாது. நீங்கள் வீசுகிற கையைக் காட்டினீர்கள். ஏந்துகிற கையைக் கேலி செய்தீர்கள். நடுவில் இருந்த விஷயம் முழுக்க விட்டுப்போயிற்று.

இதில் என்னால் ஜீரணிக்க முடியாத ஒன்று இருக்கிறது. உங்கள் கேமராமேன் தம்பி அன்று காலை ஐந்தரைக்கே எங்கள் அடுப்படியில் நின்றார். நல்ல பிள்ளை, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். முதல் நாள் மத்தியானமே மொச்சை, காராமணி, கொள்ளு மூன்றையும் தனித்தனியாக ஊறப்போட்டிருந்தோம். ஒரே பானையில் வேகவைத்தால் காராமணி குழைந்துபோகும், மொச்சை கல் மாதிரி நிற்கும். அதனால் மூன்று அடுப்பு. சிட்டி மார்க்கெட்டிலிருந்து விடிகாலை மூன்றரைக்கே கீரைக்கட்டும் கத்திரிக்காயும் முருங்கையும் வந்து திண்ணையில் குவிந்திருந்தன. ஊரிலிருந்து மாமா ஒரு சாக்கு மல்லாட்டை கொண்டுவந்திருந்தார். (வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். என் பிள்ளைகள் இங்கே வளர்ந்து அதைக் கடலைக்காய் என்கிறார்கள், மாமாவுக்கு அதில் வருத்தம்.) தன் நிலத்தில் விளைந்ததில் ஒரு பங்கு அம்மனுக்குச் சூறை போனால்தான் அவருக்கு மனசு ஆறும்.

கொழுக்கட்டைக்குப் பச்சரிசி மாவு, வெல்லப்பாகு, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், ஏலக்காய். பூரணம் வைக்க மாட்டோம், வீசினால் உடைந்துவிடும். உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடிப்பதுதான். வெந்து வரும்போது ஒவ்வொன்றிலும் பிடித்தவளின் விரல் நாலும் பதிந்திருக்கும். சூட்டோடு கூடையில் அள்ளினால் வியர்த்து ஊசிப்போகும் என்று தட்டில் பரப்பி விசிறியால் ஆற்றுவோம். அன்று விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? உங்கள் எட்டு விநாடிப் பெண்தான். உங்கள் தம்பி அவள் கையையும் விசிறியையும் விரல் பதிந்த கொழுக்கட்டைகளையும் பத்து நிமிடம் படம் பிடித்தார். அப்புறம் கேமராவைக் கீழே வைத்துவிட்டு மூன்று கொழுக்கட்டை தின்றார். “இன்னொண்ணு கிடைக்குமாக்கா?” என்று கேட்டு வாங்கியது மூன்றாவது. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவர் எடுத்தது உங்களிடம்தான் இருக்கிறது. அதில் ஒரு விநாடிகூட வரவில்லை.

இடுகாட்டில் நடந்ததையும் சொல்கிறேன். மயான மண்ணையும் சாம்பலையும் குழைத்து அம்மன் உருவத்தை மல்லாந்த வாக்கில் செய்திருப்பார்கள். முதல் படையல் அதற்கு. அதற்கும் முன்னால் ஒரு மூட்டை, காய்கறியும் தானியமும், அங்கே குழி வெட்டுகிற குடும்பங்களுக்குத் தனியாகப் போய்விடும். எங்கள் வீட்டுப் பெரியவர்களை மண்ணுக்குள் வைத்தவர்கள் அவர்கள். நான் ஒரே ஒரு கொழுக்கட்டையை என் மாமியார் சமாதியில் வைப்பேன். கடைசி இரண்டு வருடம் பல் இல்லாமல், கொழுக்கட்டையைக் காப்பியில் ஊறவைத்துத் தின்றவள் அவள். பம்பை ஏறும். வேஷம் கட்டியவர்கள் வருவார்கள். பூசாரி முறத்தை எடுத்து முதல் கொள்ளை விடுவார். அப்புறம் எல்லோரும். பத்து நிமிடம்கூட ஆகாது.

அடுத்த அரை மணியில் தரையில் பார்த்தால் கீரைத் தழையும் நசுங்கிய சுண்டலும்தான் மிஞ்சும். கத்திரிக்காய் ஒன்று இருக்காது. முருங்கைக்காய் இருக்காது. என் வீட்டிலிருந்து போன கொழுக்கட்டை முந்நூறுக்கும் மேல். அதில் எத்தனை மண்ணில் கிடந்தன என்று பெருக்குமாறோடு நின்ற எனக்குத் தெரியும். பதினான்கு. அவற்றையும் காக்கையும் எறும்பும் விட்டுவைக்கவில்லை. மெஸ்ஸில் ஒரு பந்தியில் இலையோடு போவது இதைவிட அதிகம்.

போன ஆகஸ்டில் இதே உங்கள் தொலைக்காட்சி ஸ்பெயினில் புன்யோல் என்ற ஊரின் தக்காளித் திருவிழாவைக் காட்டியது. ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை, ஒரு மணி நேரம், நூறு டன்னுக்கு மேல் தக்காளி. 2013 முதல் டிக்கெட் வேறு. 1957-இல் அதைத் தடை செய்தபோது ஊர்க்காரர்கள் பெரிய தக்காளி ஒன்றைச் சவப்பெட்டியில் வைத்து ஊர்வலம் போனதை உங்கள் குரல் ரசித்து ரசித்துச் சொன்னது. அவர்கள் ஊர், அவர்கள் தக்காளி, எனக்கு வழக்கில்லை. ஆனால் அங்கே வீசியதில் ஒன்றாவது யார் வாய்க்காவது போயிற்றா? அதற்குப் பெயர் ‘கொண்டாட்டம்’. எங்களுடையது ‘அடிதடி’. 2011-இல் பெங்களூரிலும் மைசூரிலும் அதைப்போலவே தக்காளி வீச ஏற்பாடு நடந்தபோது, அன்றைய முதல்வர் சதானந்த கௌடா அனுமதிக்கக் கூடாது என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார். அன்று நானும் சரிதான் என்றேன். தக்காளி விலையைத் தினம் பார்க்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்?

எங்கள் எதிர்வீட்டுக் கன்னட அம்மாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து, “நம்ம தேருக்கு ஹண்ணு ஜவன எறியறதில்லையா? அது மாதிரிதானே?” என்றார். கர்நாடகத்தில் தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாழைப்பழத்தில் தவனம் என்கிற வாசனைத் தழையைச் செருகித் தேர்க் கலசத்தைக் குறிபார்த்து எறிவார்கள், அதுவும் புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் போட்டி போட்டுக்கொண்டு. பெங்களூரு கரகத் திருவிழாவின்போது ராத்திரி முழுக்க மல்லிகைப்பூ மழையாகக் கொட்டும். அதையெல்லாம் தொலைக்காட்சிகள் பயபக்தியோடு காட்டுகின்றன. காட்டட்டும், அப்படித்தான் காட்ட வேண்டும்.

எங்கள் பக்கம் குறையே இல்லை என்று சாதிக்க வரவில்லை. சில வருடம் முன்பு வீசிய சில்லறையில் ஒரு சின்னப் பையனுக்குப் புருவம் கிழிந்தது. அதற்குப் பிறகு காசை வீசுவதில்லை, கையில்தான் கொடுக்கிறோம். முன்பெல்லாம் கோழியையும் தூக்கி விடுவார்கள், அதை நிறுத்த நான் உள்பட பெண்கள்தான் சண்டை போட்டோம். பிளாஸ்டிக் கவரோடு சுண்டலை வீசுகிற சோம்பேறிகள் இந்த வருடமும் இருந்தார்கள், எனக்கு அதில் வெட்கம்தான். இதையெல்லாம் காட்டித் திட்டியிருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். எங்கள் கமிட்டியிடம் போய்க் கத்தியிருப்பேன்.

இப்போது இடுகாட்டுச் சுவரை ஒட்டி எழுந்திருக்கும் ஓர் அடுக்குமாடியின் குடியிருப்போர் உங்கள் வீடியோவை இணைத்து, அடுத்த வருடம் அனுமதி தரக் கூடாது என்று அதிகாரிகளுக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் இதுவரை உள்ளே வந்து பார்த்ததில்லை. உங்கள் நாலு நிமிடம்தான் அவர்களுக்குச் சாட்சி.

நான் கேட்பது இவ்வளவுதான்.

அந்த எட்டு விநாடியை, நீங்கள் எங்கெல்லாம் ஏற்றி வைத்திருக்கிறீர்களோ அங்கிருந்தெல்லாம் இந்த வாரத்துக்குள் எடுங்கள். முகத்தை மங்கலாக்கினால் போதாது. மஞ்சள் வட்டம் போட்டுக் காட்டிய பிறகு மங்கலாக்கி என்ன பயன்? எடுத்துவிடுங்கள்.

அதே ஒன்பதரை மணிக்கு, அவள் பெயரைச் சொல்லாமல், “ஒரு பெண்ணின் வேண்டுதலை அவரைக் கேட்காமல் காட்டிக் கேலி செய்தோம், அது தவறு” என்று அதே குரலில் சொல்லுங்கள். ஒரு வாக்கியம் போதும்.

அடுப்படியில் எடுத்த படத்தை ஒளிபரப்புங்கள். நேரம் இல்லை என்றால் அதை எங்களிடம் கொடுங்கள். மனுவுக்குப் பதில் சொல்ல எங்களுக்கு அது வேண்டும்.

அவளுடைய மூன்று நாள் கூலி. அவள் கேட்கவில்லை, தம்பி கேட்கக் கூடாது என்றான். நான் கேட்கிறேன்.

அடுத்த மாசிக்கு ஆள் அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊறப்போடுகிற மத்தியானத்திலிருந்து, மறுநாள் நாங்கள் இடுகாட்டைப் பெருக்கி முடிக்கும்வரை கேமரா இருக்க வேண்டும். முந்தானை ஏந்தி நிற்பவர்களைக் கிட்டத்தில் எடுக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். குழந்தைகள் முகம் வேண்டாம்.

மெஸ்ஸில் சாப்பிடுகிற சட்டக்கல்லூரிப் பையன் ஒருவன் சொன்னான்: கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021-இல் கொண்டுவந்த மாற்றத்தின்படி, பார்வையாளர் எழுத்தில் கொடுத்த புகாருக்குத் தொலைக்காட்சி 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். திருப்தி இல்லையென்றால் அதற்கு மேலே போகவும் வழி இருக்கிறதாம். புகாரை முறைப்படி எழுதி அனுப்பியாயிற்று, இது அதன் கூடவே வருகிறது. நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மத்தியான வேலை மூன்று மணிக்கு ஓயும். அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். என் நம்பர் உங்கள் கேமராமேன் தம்பியிடம் இருக்கிறது. கொழுக்கட்டைக்கு எவ்வளவு வெல்லம் என்று அவர் அம்மா கேட்டாராம், அதற்காக வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
ஸ்ரீராமபுரம் மெஸ்காரி,
பெங்களூரு